ஆல்ஃபிரட் மன்னரின் ஏற்காட்டுக் கிளை

நவம்பர் 2, ஞாயிறு

பெரிய மனிதர்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஏற்காட்டு மலையில் நான் ஒருவன்தான் இன்னும் எழுதவில்லை என்று கேள்வி. ஆகவே இன்று தொடங்குகிறேன்.

வருங்கால ஆராய்ச்சியாளர்கள் கவனத்துக்கு: பெயர் எபினேசர் ஹாலோவே. வயது அறுபத்தாறு. முன்னாள் தோட்டக்கலைத் துறை எழுத்தர். இந்நாள் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தின் சக்கரவர்த்தி. மனைவி மக்கள் இல்லை. படைபலம் ஒரு நாய். அதுவும் பக்கத்து வீட்டில்தான் சாப்பிடுகிறது.

பக்கத்து வீடு என் தங்கை ரூபியுடையது. ஆராதனை முடிந்து நேராக இங்கே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மகள் பெர்சிஸ் ஓமலூரில் மாட்டு டாக்டர். தகப்பனை இழந்த பிள்ளை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிள்ளை. கூடப் படித்த ஜோயல் என்கிற பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. பையன் பாளையங்கோட்டை. நேற்று அவன் அம்மா ஹெப்சிபா போனில் எல்லாம் அன்பாகப் பேசிவிட்டு, கடைசியில் கேட்டாராம்: "உங்க பூர்வீகம் எது?"

பூர்வீகம் என்றால் ஊரைக் கேட்கிறார்கள் என்று நினைக்கிற அப்பாவி தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து ஒரு வரன் இப்படித்தான் எழுந்துபோனது. அதன்பிறகு வெகுநாள் பெர்சிஸ் மாடுகளோடு மட்டும் பேசினாள்.

"ஜோயல் என்ன சொல்றான்?" என்றேன்.

"அம்மா ஒத்துக்கலைன்னாலும் கட்டிக்கறேங்கறான். இவதான் முடியாதுங்கறா. அவங்க அம்மா மனசோட கூப்பிடாத வீட்டுக்கு வரமாட்டாளாம். அண்ணே, இந்த மாசம் முப்பதாம் தேதி அவங்க வர்றாங்க. ஏதாவது பண்ணு."

"கவலைப்படாதே. அவர்கள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில் ஒரு பூர்வீகம் காட்டுகிறேன்" என்றேன்.

எங்கள் குடும்ப வரலாறு சின்னது. எட்வின் ஹாலோவே என்கிற இங்கிலீஷ்காரத் துரை இங்கே காப்பி எஸ்டேட் வைத்திருந்தார். ஒரு மகனையும் குடும்பப் பெயரையும் மலையில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். அந்த மகன்தான் எங்கள் தாத்தா. கேட்டவர்களுக்கு இதற்கு மேல் நாங்கள் சொன்னதில்லை. கேட்காதவர்களுக்கு நான் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 4

மழை. பழம் பறிக்க ஆள் வரவில்லை. காப்பித் தோல் உரிக்கிற இயந்திரத்தின் மோட்டாரிலிருந்து புகை. சக்கரவர்த்தி கையில் ஸ்பேனருடன் பகல் முழுவதும் தரையில் கிடந்தார்.

நவம்பர் 6

மார்கரெட் அக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த அக்கா இங்கிலாந்தில் இருக்கிறார். எட்வின் துரை ஊருக்குத் திரும்பி ஒரு வெள்ளைக்காரியைக் கட்டினாரல்லவா, அந்த வழியில் கொள்ளுப்பேத்தி. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வம்சாவளி தேடுவதுதான் பொழுதுபோக்கு. தேடிக்கொண்டே வந்தபோது ஏற்காட்டில் என்மேல் தடுக்கி விழுந்தார்.

"நம் மரம் எவ்வளவு உயரம் போகிறது?" என்று கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராய்ச்சியாளர்களே, எழுந்து நில்லுங்கள்.

ஆல்ஃபிரட்! வெசெக்ஸ் நாட்டு ஆங்கிலோ-சாக்சன் மன்னர்! கடலில் வந்த டேனிஷ் படைகளை விரட்டியவர்! ஆயிரத்து நூறு வருடங்களுக்கும் மேலாகிறது. எட்வின் துரையின் தாயார் நொடித்துப்போன ஒரு பிரபு வீட்டுப் பெண்ணாம். அந்தம்மா வழியில் ஏறினால் மூன்றாம் எட்வர்ட், அங்கிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் மனைவி மட்டில்டா, அங்கிருந்து ஆல்ஃபிரட்டின் மகள். அந்த மகள் பெயர் ஆல்ஃப்த்ரித். சத்தமாகச் சொன்னால் பல் செட் கழன்று விழும்.

மன்னர் ஒருமுறை எதிரிக்குப் பயந்து ஒரு ஏழை வீட்டில் ஒளிந்திருந்தபோது, அடுப்பில் இருந்த ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். யோசனையில் கருகவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணிடம் திட்டு வாங்கினார் என்று ஒரு கதை. ரூபியின் தோசை ஞாபகம் வந்தது. ரத்தம் ரத்தம்தான்.

சேலத்துக்கு மூட்டை ஏற்ற குழந்தைவேல் ஜீப்புடன் வந்தான். மூன்று ஜீப், ஒரு தங்கும் விடுதி, வார்டு மெம்பர் பதவி. என்னை விலைக்கு வாங்கி, மிச்சத்தில் நாய்க்கும் சோறு போடக்கூடியவன். அவன் முன்னோர் எஸ்டேட்டின் கீழ்லைனில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள். அதே இடத்தில் இப்போது மாடி வீடு கட்டியிருக்கிறான். எங்கள் பக்கத்து ஆட்கள் இருக்கும்போது என்னை 'சார்' என்பான். அவர்கள் நகர்ந்ததும் 'மச்சான்' என்பான். சின்ன வயதிலிருந்து அப்படி ஒரு பழக்கம்.

"என்ன மச்சான், மூஞ்சில இவ்வளவு வெளிச்சம்?"

"நான் ராஜ வம்சம்டா."

"எந்த ராஜா?"

"இங்கிலாந்து ராஜா."

"அப்ப மூட்டையை நீ தூக்க மாட்டே. ராஜாவுக்கு இடுப்பு வலிக்குமில்ல" என்று தானே தூக்கினான்.

மச்சான் என்கிற பழக்கத்துக்குக் காரணம் எழுத இன்று நேரமில்லை. மிளகுக் கொடிக்கு மருந்து அடிக்க வேண்டும்.

நவம்பர் 12

சேலம். ஃப்ளெக்ஸ் கடை. பத்தடிக்கு எட்டடி. சம்பந்தி வீட்டார் கார் எங்கள் பாதையில் திரும்பும் இடத்தில் கட்டப்போகிறேன். வாசகம் நானே எழுதினேன்: 'மாமன்னர் ஆல்ஃபிரட் வழித்தோன்றல்கள், சேர்வராயன் மலையின் செங்கோல்கள், ஹாலோவே குடும்பத்தார் வருக வருக என வரவேற்கிறோம்.' கீழே முழு வம்சாவளி.

கம்ப்யூட்டரில் இருந்த தம்பி கேட்டான்: "ராஜா போட்டோ இருக்குங்களா அண்ணா?"

"ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின ஆள்ப்பா."

"ஆதார்ல இருக்கிற போட்டோன்னாலும் பரவால்லைங்க."

கடைசியில் என் முகத்துக்கே தாடியும் கிரீடமும் வைத்து மன்னராக்கிவிட்டான். ஒற்றுமை வியக்கத்தக்கது.

நவம்பர் 15, சனி

பெர்சிஸ் வந்தாள். பூட்ஸில் சாணியுடன் உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் நான் விரித்து வைத்திருந்த வம்சாவளியைப் படித்தாள். எக்ஸ்ரே பார்ப்பதுபோல் நின்றுகொண்டே படித்தாள்.

"மாமா, இதுல நல்ல விஷயம் ஒண்ணு கவனிச்சீங்களா? ராஜா வம்சம்னு சொல்றோம், ஆனா முக்கியமான இடத்துல எல்லாம் பொண்ணு வழியாதான் இறங்கி வருது. ஆல்ஃபிரட் மகள் கடல் தாண்டிக் கல்யாணம் பண்ணிப் போறா. அவ வம்சத்துல வந்த மட்டில்டா திரும்பி வர்றா. எட்வின் துரைக்கும் அவங்க அம்மா வழிதான். ஒரு பொண்ணை எடுத்துட்டாலும் சங்கிலி அறுந்துடும்."

"ஆமாம், ஆமாம். டாக்டருக்குப் படித்தவள் அல்லவா."

"இங்க மட்டும் ஏன் 'உள்ளூர்ப் பெண்'னு போட்டிருக்கு?"

அது மார்கரெட் அக்கா போட்டது. எட்வின் பெயருக்குப் பக்கத்தில், எங்கள் தாத்தாவுக்கு மேலே.

"அக்காவுக்குத் தெரியாதில்லையா" என்றேன்.

"உங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அப்போது பிறந்திருந்தேனா?"

"ஆல்ஃப்த்ரித் பிறந்தப்ப மட்டும் இருந்தீங்களா?"

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, "குழந்தைவேல் அங்கிள் உங்களை ஏன் மச்சான்னு கூப்பிடறார்?" என்றாள். அவன் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவான் என்றேன். அப்படி அவன் வேறு யாரையும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லையாம். மாட்டு டாக்டர்களுக்கு இவ்வளவு ஞாபகசக்தி எதற்கு என்று தெரியவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று, "மாமா, இந்தத் தடவை எனக்கு இது நடக்கணும். ஆனா அவங்க போனப்புறம் நீங்க சொன்னதைக் காப்பாத்திக்கிட்டே வாழ்க்கை முழுக்க இருக்க வேண்டியது நான்தான்" என்றாள்.

மழை வலுத்துவிட்டது. மேலும் எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 17

மார்கரெட் அக்கா, பாவம், உண்மையே பேசுகிறவர். நான் 'மாட்சிமை தங்கிய அக்கா அவர்களுக்கு' என்று எழுதியிருந்தேன். பதிலில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் இரட்டிப்பாகிறார்கள். ஆல்ஃபிரட் காலம் வரை போனால், அன்று உலகத்தில் இருந்த மனிதர்களைவிட நமக்கு முன்னோர் அதிகம் தேவைப்படும். ஆகவே அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இங்கிலாந்து ரத்தம் கொஞ்சம் இருக்கிற எல்லோருமே அநேகமாக ஆல்ஃபிரட் வம்சம்தானாம். அக்காவுக்குப் பால் போடுகிறவர் உட்பட.

எல்லோரும் இளவரசர்கள் என்றால் வரி கட்டுவது யார்?

ரூபியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 20

குழந்தைவேல் வந்தான். ஃப்ளெக்ஸ் கதை அவன் காதுக்குப் போயிருக்கிறது. ஊரில் கம்பம் நடுகிற பையன்கள் அத்தனை பேரும் அவன் ஆட்கள்.

"ராஜா எல்லாம் போட்டிருக்கியாம். சந்தோஷம். பாவாயி பேர் போட்டியா?"

இந்த நாட்குறிப்பை யாராவது படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பாவாயி கீழ்லைனில் இருந்த ஒரு பெண். குழந்தைவேலின் கொள்ளுத்தாத்தாவுக்குக் கூடப் பிறந்த தங்கை. எட்வின் துரைக்குத் தெரிந்தவள். அவ்வளவுதான் விளக்கம்.

"சும்மா இருடா" என்றேன்.

"எங்க வீட்டுல கல்யாணம்னா முதல்ல அவளுக்குத்தான் பூவாடைக்காரி படையல், சுமங்கலியாச் செத்தவளைச் சாமியாக் கும்பிடறது. புதுப்புடவை, பூ, பொங்கல். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவ சரின்னப்புறம்தான் பந்தக்கால். அவளுக்குத் துரை தாலி கட்டலை. அதனால தாலி அறுக்கவும் இல்லை. பூவும் பொட்டுமாப் போனவ. சாமியாகறதுக்கு எல்லாத் தகுதியும் இருக்கு." சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "உங்கப்பன் கல்யாணத்துக்கும் கீழே படையல் போட்டோம். ரூபி கல்யாணத்துக்கும் போட்டோம். உங்க வீட்டுல யாருக்கும் பிரசாதம் அனுப்பலை. நீங்க கேக்கலை. இந்தப் பொண்ணு கல்யாணத்துக்கும் போடுவோம். ராஜா பேரைப் போடு மச்சான், வேணாங்கலை. அவ பேரையும் சொல்லு."

"சொன்னால் கல்யாணம் நின்றுபோகும்."

"நின்னா அவளாலயா நிக்குது?"

"உனக்கென்ன, வார்டு மெம்பர். உன் மகளை எடுக்க ஆள் வரிசையில் நின்றது. இங்கே ஒரு பெண் இன்னொரு தடவை உடைந்துபோவாள்."

"எம் மகளைக் கேக்க வந்தவங்களும் பூர்வீகம் கேட்டாங்க. நாங்க சொல்லிட்டுத்தான் கல்யாணம் பண்ணினோம்."

காப்பி கலந்துகொண்டு வந்தேன். அவன் எழுந்துவிட்டிருந்தான். முப்பதாம் தேதி சம்பந்தி வீட்டாருக்கு ஊர் சுற்றிக் காட்ட ஜீப் வேண்டும் என்று சொல்லியிருந்தேனே என்றேன்.

"அன்னிக்கு எனக்குச் சவாரி இருக்கு சார்" என்றான்.

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

வங்கிப் பாஸ்புத்தகம், கேஸ் சிலிண்டர், பிரஷர் மாத்திரை. எல்லாம் முடித்தாயிற்று.

நவம்பர் 26

நல்ல வெயில். காப்பிக்கொட்டையைக் களத்தில் பரப்பினேன். மூட்டைகளை நானே சுமந்தேன். ராஜ இடுப்பு இப்போது கட்டிலில் கிடந்து எழுதுகிறது.

ஃப்ளெக்ஸ் வந்து சேர்ந்தது. கிரீடம் எனக்குப் பொருந்துகிறது. வம்சாவளியில் 'உள்ளூர்ப் பெண்' என்கிற எழுத்துகள் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கின்றன, அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. கம்பம் நட ஆள் கிடைக்கவில்லை. யாரும் வரமாட்டோம் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் அன்றைக்குச் சவாரி இருக்கிறதாம். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பரவாயில்லை. வாய் இருக்கிறது. எந்தக் கேள்வி வந்தாலும் பதில் தயார். அந்தப் பெண் யார் என்று கேட்டால், ஒன்று, புதுச்சேரி பிரெஞ்சு வியாபாரியின் மகள். இரண்டு, மைசூர் அரண்மனை திவானின் பேத்தி. மூன்று, திருவாங்கூர் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். மூன்றையும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். திவான் பேத்தியை நானே நம்பிவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

முடிந்தது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிவாக்கில் வந்தார்கள். ஹெப்சிபா அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. உட்காரும்போதே அட்டெண்டன்ஸ் எடுக்கிற பார்வை. கையில் எலுமிச்சம்பழம். கணவர் காலமாகிவிட்டதால், கூட அவர் கொழுந்தனார், ஜோயலுக்குச் சித்தப்பா. ஜோயல்தான் கார் ஓட்டி வந்தான். உயரமான, கூச்சமான பையன். வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டு நிலைக்கே சாரி சொன்னான்.

"மலையா அண்ணாச்சி இது! ஒவ்வொரு வளைவுக்கும் கொடலைப் பெறட்டிட்டு" என்றார் ஹெப்சிபா அம்மா.

ரூபி மட்டன் குழம்பு வைத்திருந்தாள். வாசனை ஹாலை நிறைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்து ஆரம்பித்தேன். டேனிஷ் கப்பல்கள், மன்னரின் வாள், கருகிய ரொட்டி, கடல் கடந்த இளவரசி எல்லாம் வந்தன. என் வாழ்நாளில் இதைவிட நன்றாகப் பேசியதில்லை. சித்தப்பாவுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஹெப்சிபா அம்மா மட்டும் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாணவனைப் பார்ப்பதுபோல் கடைசிவரை பார்த்தார்.

"நல்லா சொல்லுதிய அண்ணாச்சி. சண்டே ஸ்கூல்ல சொன்னியன்னா ஒரு பிள்ளை எந்திரிக்காது. ஆனா ராஜா இங்கிலாந்துல இருக்காரு, பொண்ணு இங்க இருக்கு. நடுவுல ஒரு பொம்பள இருக்கணுமே. அவ்வோ யாரு?"

ரூபி சமையலறையில் கரண்டியைப் போட்டாள்.

வியாபாரி மகள், திவான் பேத்தி, திருவாங்கூர்க் குடும்பம். மூன்று பேரும் நாக்கு நுனியில் வரிசையில் நின்றார்கள். பெர்சிஸ் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றாள். என்னைப் பார்த்துக் கெஞ்சியிருந்தால் திவான் பேத்தியைச் சொல்லியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஹெப்சிபா அம்மாவையே பார்த்துக்கொண்டு, என் பதிலுக்கு அவர் முகம் என்ன செய்யப்போகிறது என்று காத்திருந்தாள்.

"பாவாயி" என்றேன்.

இந்த வீட்டுச் சுவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ, அல்லது கேட்டதே இல்லையோ. "எஸ்டேட் கீழ்லைன் பாவாயி. காப்பி பறித்தவள். எங்கள் தாத்தாவின் தாய். அவள் அண்ணனுடைய கொள்ளுப்பேரன் இந்த ஊரில்தான் இருக்கிறான். எனக்கு மச்சான் முறை" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை; மிகைப்படுத்த ஒன்றும் கிடைக்காததால் இருக்கலாம்.

சித்தப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பாதி இருந்தது. "மதினி, நேரமாயிட்டு. பொறவு மூடுபனி எறங்கிரும்" என்றார். வெளியே துணி காய்கிற வெயில்.

ஹெப்சிபா அம்மாவும் எழுந்தார். எலுமிச்சம்பழத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார். பெர்சிஸைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. போய்விட்டார்கள்.

குழம்பு அப்படியே இருக்கிறது. நாய் வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. அதுவும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 1

ரூபி பேசவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரங்கள் பேசுகின்றன.

மத்தியானம் திடீர் மழை. களத்தில் அத்தனை கொட்டையும் பரந்து கிடந்தது. தார்ப்பாய் போதவில்லை. லீவு போட்டிருந்த பெர்சிஸ் ஓடிவந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த ஃப்ளெக்ஸை இழுத்துப்போய் விரித்தாள். நான்கு மூலைக்கும் கல் வைத்தோம்.

"ராஜா நனையறார் மாமா."

"நனையட்டும். காப்பி நனையக்கூடாது."

முதல்முறையாக மன்னர் குடும்பத்துக்கு உபயோகப்பட்டார். என் தாடியிலும் கிரீடத்திலும் தண்ணீர் ஓடுவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜோயல் பேசினானா என்று கேட்டேன். பேசுகிறானாம், அவன் அம்மாதான் அவனோடு பேசவில்லையாம். "என்மேல் கோபமா?" என்றேன். "யோசிச்சுட்டு சொல்றேன்" என்றாள்.

டிசம்பர் 6, சனி

கீழே இறங்கினேன். பெர்சிஸும் வருகிறேன் என்றாள். குழந்தைவேல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். வார்டு மெம்பருக்கும் வீட்டில் வேலை உண்டு.

"சொல்லிவிட்டேன்" என்றேன், கீழே நின்றபடி.

"தெரியும். ரூபி போன் பண்ணித் திட்டுச்சு. 'உன் மச்சானுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, வந்து பாரு'ன்னு."

"அவள் மச்சான் என்றா சொன்னாள்?"

"அவளுக்கு மட்டும் முறை தெரியாதா?"

பெர்சிஸ் மேலே பார்த்துக் கேட்டாள்: "அப்ப நான் உங்களை என்னன்னு கூப்பிடணும்?"

அவன் ஒரு சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னான். "உங்கம்மாவுக்கு நான் மச்சான், அதனால உனக்குப் பெரியப்பா முறை வருது. நாலு தலைமுறை போனாலும் நம்ம பக்கத்துல முறை மாறாது. ஆனா கட்டாயமில்ல. அங்கிள்னாலும் திரும்பிப் பார்ப்பேன்."

இறங்கி வந்து என்னிடம் மட்டும் கேட்டான்: "கல்யாணம் நின்னா இந்தப் பொண்ணு மூஞ்சியை எப்படிப் பார்ப்பே?"

தெரியவில்லை என்றேன். அவன் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தான். காப்பி குடித்தோம். என் தோட்டத்துக் காப்பியைவிட மோசம். அதைச் சொல்லவும் செய்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஹெப்சிபா அம்மா போன் செய்தார்.

"அண்ணாச்சி, எம்மவன் ஒரு வாரமா ஒழுங்கா சோறு திங்கல. எங்களுக்குச் சம்மதம்." நான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், "ஆனா ஒண்ணு. எங்க ஊர்ல, சபையில யாராச்சும் கேட்டா அந்த ராஜா கதையை மட்டும் சொல்லுங்க. நீங்க நல்லா சொல்லுதிய" என்றார்.

அறுபத்தாறு வருடத்தில் என் பொய்க்குக் கிடைத்த முதல் அங்கீகாரம். போன மாதமாக இருந்தால் வெசெக்ஸையே எழுதிக்கொடுத்திருப்பேன். கையில் கல்யாணம். கேட்கிற விலை, எனக்கு மூச்சு விடுவது போன்ற ஒரு வேலை. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பெர்சிஸ் பக்கத்தில் இருந்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது. போனை மெதுவாக என் கையிலிருந்து எடுத்தாள்.

"அத்தை, எங்க மாமாவுக்கு ராஜா கதை மறந்துபோச்சு."

போனை மேசைமேல் வைத்துக் குனிந்துகொண்டாள்.

"யாராவது கேட்டா அவருக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவார். நானும் அதைத்தான் சொல்லுவேன். எனக்கு ஜோயல் வேணும் அத்தை. ஆனா உங்க வீட்டுல நான் மூச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது."

போன் வைக்கப்பட்டது. பெர்சிஸ் போய் முகம் கழுவினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

டிசம்பர் 9

ஒன்றுமில்லை. இரண்டாம் பறிப்பு.

டிசம்பர் 11

ஒன்றுமில்லை. பெர்சிஸ் ஓமலூரில். ஒரு எருமைக்குப் பிரசவம் பார்த்ததாக வாட்ஸப்பில் கன்றுக்குட்டி படம் அனுப்பினாள். மன்னர் போல் இருக்கிறது என்று பதில் போட்டேன். சிரிப்புப் பொம்மை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் போன். ஹெப்சிபா அம்மா. வணக்கம்கூட இல்லை.

"கார்டு அடிக்கணும்லா. அங்கனயே சேலத்துல அடிங்க, முதல்ல உங்க பக்கத்துப் பேரெல்லாம் எழுதி வாசிங்க. பிழை இருந்தா எனக்குப் புடிக்காது."

"கார்டா?"

"கல்யாணக் கார்டு அண்ணாச்சி. ஜனவரியில வைக்கப் போறோமா இல்லையா? மூச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாதுன்னு உங்க பொண்ணு சொன்னது ஒரு வாரமா காதுலயே கெடக்கு. கொழுந்தனாரு வீட்டுல வரமாட்டாங்களாம். வராட்டா போகட்டும். அவ்வோ மவ கல்யாணத்துல எனக்குக் கடைசிப் பந்தியிலதான எல போட்டாவோ."

ரூபி காகிதம் எடுக்க ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். எழுதினோம். எழுதும்போது பெர்சிஸ் ஓமலூரிலிருந்து இன்னொரு போனில் இருந்தாள். ஒவ்வொரு வரியும் அவள் சொன்னதுதான். மத்தியானம் திரும்ப அழைத்து வாசித்தேன். மணமகள் பெயர், படிப்பு. இன்னாரின் மகள். இன்னாரின் பேத்தி. பிறகு அந்த வரி.

"ஏற்காடு பாவாயி, எட்வின் ஹாலோவே ஆகியோரின் எள்ளுப்பேத்தி."

நிறுத்தினேன். பின்னால் குக்கர் விசில் கேட்டது, அவர் வீட்டிலா எங்கள் வீட்டிலா தெரியவில்லை. என் பக்கத்தில் ரூபி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ்வோ பேரு முதல்ல வருதா?" என்றார்.

"ஆமாம்."

"எள்ளுப்பேத்தி வரைக்கும் போடுதியளா?"

"போடுகிறோம்."

"அப்பம் எங்க பக்கம் வெறும் தாத்தா பாட்டியோட நின்னா என்ன நினைப்பாங்க? ராஜா வீட்டுக்காரங்க எள்ளுப்பாட்டி வரைக்கும் போட்டிருக்காங்க, பாளையங்கோட்டைக்காரிக்கு நாதியில்லையான்னு கேக்கமாட்டாங்களா?"

"நீங்களும் போடுங்கள் அம்மா. பெயர் சொன்னால் எழுதிக்கொள்கிறேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று இருமுறை ஹலோ சொன்னேன். இருக்கிறார்.

"எங்க மாமனாருக்க பாட்டி..." என்றார். குரல் தலைமையாசிரியை குரலாக இல்லை. "சபைப் பாதிரியாரைக் கட்டுனவ்வோ. ஐயரம்மா பேரன்னுதான் மாமனாரைச் சொல்லுவாங்க. அவ்வோ பேரு... எனக்குத் தெரியலையே அண்ணாச்சி. எங்க அம்மை வழியிலயும் தெரியல. நான் யார்ட்டயும் கேட்டதில்ல." பிறகு, "அச்சடிக்காம நிறுத்தி வைங்க. கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

டிசம்பர் 17

அச்சகத்துக்காரர் மூன்றாம் முறை போன் செய்து, எப்போது அடிப்பது என்று கேட்டார். இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். ஹெப்சிபா அம்மா திங்கட்கிழமை 'ஞானதீபம்' என்று ஒரு பெயர் சொன்னார். செவ்வாய்க்கிழமை அது இல்லை என்றார். அவர் நாத்தனார், ஞானதீபம் அடுத்த வீட்டுக்காரி என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். இன்று காலை ஜோயல் பேசினான். வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த சித்தப்பா, இப்போது தனக்குத்தான் சரியான பெயர் தெரியும் என்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறாராம். நாசரேத்தில் ஒரு பெரியம்மாவைப் பார்க்க எல்லோரும் காரில் கிளம்புகிறார்கள்.

பாளையங்கோட்டையில் இன்றைக்கு நாலு வீட்டில், செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.